படிகமாக அவகாசம் கிடைக்காத உலோகம்

உருகிய உலோகக் கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்வித்தால், அணுக்கள் படிக ஒழுங்கில் வரிசைகட்ட அவகாசமின்றி, திரவத்தில் இருந்த ஒழுங்கற்ற அமைப்பிலேயே உறைந்துவிடுகின்றன. கண்ணாடியிலும் அணுக்கள் இப்படி ஒழுங்கற்றே இருப்பதால், இதை உலோகக் கண்ணாடி என்கிறார்கள். 1960ஆம் ஆண்டு கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர் தங்கமும் சிலிக்கனும் சேர்ந்த கலவையில் இதைக் காட்டினார்கள். கண்ணாடி என்றதும் ஜன்னலையே நினைத்துப் பழகிய எனக்கு, உலோகக் கண்ணாடி என்ற பெயர் இன்றும் வியப்பளிக்கிறது.

வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மீது உருகிய கலவையைப் பீய்ச்சி, தலைமுடியைவிட மெல்லிய நாடாவாக எடுக்கிறார்கள். நாடா தடித்தால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறத் தாமதமாகி, அதற்குள் படிகங்கள் உருவாகிவிடும். இரும்பு, போரான், சிலிக்கன் கலந்த இத்தகைய நாடாவைச் சுற்றிச் செய்த டிரான்ஸ்பார்மர் உள்ளகத்தில் (கம்பிச்சுருள்களுக்கு நடுவே இருக்கும் காந்தப் பகுதி), சுமையில்லாத நேரத்தில் வீணாகும் மின்சாரம் வழக்கமான சிலிக்கன் எஃகு உள்ளகத்தில் வீணாவதைவிட மிகக் குறைவு.