பட்டடக்கல்லில் கண்ட காஞ்சி

வட கர்நாடகத்தில் ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே, விஜயபுரா ஆகிய ஊர்களைச் சுற்றிவிட்டு நேற்றுத்தான் வீடு திரும்பினேன். எங்கே தங்கலாம், எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பட்டடக்கல்லைச் சொல்லாமல் மற்றவற்றுக்குப் போக மனம் வரவில்லை.

விருபாக்ஷர் கோயிலின் முன் நின்றதுமே இந்த விமானத்தை முன்பே பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. நினைவுக்கு வந்தது காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவனுடைய அரசி லோகமகாதேவி எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியதுதான் இந்த விருபாக்ஷர் கோயில். வென்ற ஊரின் கைலாசநாதருக்கே அவருடைய செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததை, அந்தக் காஞ்சிக் கோயிலின் தூணில் விக்கிரமாதித்தன் கன்னடத்தில் பொறித்து வைத்திருக்கிறான். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 642இல், நரசிம்மவர்ம பல்லவன் கைப்பற்றிய வாதாபிதான் இன்றைய பாதாமி; அவனுடைய வெற்றிக் கல்வெட்டு அங்கே ஒரு பாறையில் இருக்கிறது. இரு தரப்பும் எதிரியின் ஊரிலேயே எழுதி வைத்த சொற்கள் இன்றும் நிற்கின்றன என்பதை நினைத்தபடி, வெயிலையும் மறந்து மூன்று மணி நேரம் அந்தக் கோயிலைச் சுற்றிவந்தேன்.

அந்த மூன்று மணி நேரம்தான் ஆட்டோக்காரருக்குப் பிடிக்கவில்லை. பாதாமியிலிருந்து பட்டடக்கல், ஐஹொளே இரண்டையும் காட்டித் திரும்ப 1,500 ரூபாய் என்று காலையில் பேசியவர், பட்டடக்கல்லை விட்டுக் கிளம்பும்போது காத்திருப்புக்கு மேலும் 600 கேட்டார். ஒரு நாள் அறை வாடகையே 900 என்று கணக்குப் பார்த்து வந்த எனக்கு அது பெரிய தொகை. வாக்குவாதத்துக்குப் பின் 300 கொடுத்தேன். பேசிய கூலியை நடுவழியில் மாற்றுவது அநியாயம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் காலையிலேயே பேசிவிடுங்கள்.

அந்தக் கசப்பை மாற்றியது பாதாமியின் ஒரு கானாவளி, அதாவது எளிய சாப்பாட்டுக் கடை. மெல்லிய சோள ரொட்டி, வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து அடைத்த கத்தரிக்காய்க் கறியான எண்ணெகாயி, கடலைச் சட்னிப்பொடி, கெட்டித் தயிர் என்று 100 ரூபாய்க்குள் வயிறு நிறைந்தது. அந்தக் கத்தரிக்காய்க்காகவே இன்னொரு நாள் தங்கினேன்.

பாதாமியின் குகைக் கோயில்களில் மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். அது 578ஆம் ஆண்டுக்குரியது. விஜயபுராவில், சிறு ஒலியும் எதிரொலிக்கும் பெரிய குவிமாடக் கல்லறையான கோல் கும்பஸில், பள்ளிக் குழந்தைகள் கத்தத் தொடங்குவதற்கு முன் அதிகாலையிலேயே ஏறிவிட வேண்டும். ஹம்பிக்கு இரண்டு நாள் போதவே போதாது.

ஐஹொளேயில் ஆட்டோக்காரர் அவசரப்படுத்தியதால் மேகுட்டிக் குன்றில் ஏற முடியவில்லை. பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்தான் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்று அவனுடைய அவைப்புலவர் ரவிகீர்த்தி 634இல் பாடிய கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதற்காகவே மார்கழியில் மறுபடியும் போகிறேன், இம்முறை அரசுப் பேருந்தில்.