இரண்டாம் வயலின்காரரின் வேலை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தம் அண்ணனோடு சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், அண்மையில் பேச்சுவாக்கில், "இனியும் எங்க அண்ணனுக்கு செகண்ட் ஃபிடில் வாசிச்சுக்கிட்டு இருக்க முடியாதுங்க" என்றார். நாள் முழுவதும் பட்டறைத் தமிழ் பேசுகிறவர் வாயிலிருந்து இன்னொருவருக்கு அடுத்த நிலையில் அடங்கியிருப்பதைக் குறிக்கும் இந்த ஆங்கிலத் தொடர் தயக்கமின்றி வந்தது. தேர்தல் காலச் செய்தி விவாதங்கள் அதை அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். வெளியூர் வியாபாரிகளிடம் பேசி ஆர்டர் பிடிப்பது அண்ணன். வெள்ளியை உருக்குவதிலிருந்து மெருகு போடுவது வரை உடனிருந்து வேலை வாங்குவது தம்பி. அந்த வேலை அவருக்குச் சலிக்கவில்லை என்பதும், பில் புத்தகம், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு எதிலுமே தம் பெயர் இல்லை என்பதுதான் அவருடைய வருத்தம் என்பதும் சற்று நேரம் பேசிய பிறகு தெரிந்தது. வருத்தம் நியாயமானது. ஆனால் அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட தொடர், குறையைப் பத்திரத்தின் மீது வைக்காமல் அவர் செய்யும் வேலையின் மீது வைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஃபிடில் என்பது வயலின்தான். ஐரோப்பிய இசைக்குழுவில் வயலின்காரர்கள் இரண்டு அணிகளாக அமர்கிறார்கள். மெட்டு பெரும்பாலும் முதல் அணிக்குப் போகிறது; குழு முழுவதற்கும் முன்னோடியாக இருக்கும் வயலின்காரரும் அந்த அணியைச் சேர்ந்தவரே. இரண்டாம் அணி மெட்டுக்குக் கீழே இணைச்சுரங்களையும் உள்குரல்களையும் தாளத்தைத் தாங்கும் அசைவுகளையும் வாசிக்கிறது. கருவி ஒன்றுதான், தந்திகளும் அதே நான்குதான். வாசிக்க வேண்டிய பகுதி மட்டுமே வேறு. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இரண்டாம் வயலின் வாசிப்பது என்றால் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டிருப்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிவிட்டது.

வாசித்தவர்கள் எல்லோரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. 1780-களில் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்தில் இசையமைப்பாளர்கள் நால்வர் சேர்ந்து வாசித்ததை, அங்கே இருந்த அயர்லாந்துப் பாடகர் மைக்கேல் கெல்லி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஹைடன் முதல் வயலின், டிட்டர்ஸ்டோர்ஃப் இரண்டாம் வயலின், மொஸார்ட் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, வான்ஹால் அதைவிடப் பெரிய செல்லோ. வயலின் வித்துவானாகவே பெயர்பெற்றிருந்த டிட்டர்ஸ்டோர்ஃப் இரண்டாம் இடத்தில் அமர்ந்தார். மொஸார்ட்டோ வயலினையே எடுக்கவில்லை. எங்கெல்ஸ் ஒரு படி மேலே போனார். மார்க்ஸ் மறைந்த மறு ஆண்டு, 1884-இல், நண்பர் பெக்கருக்கு எழுதிய கடிதத்தில், வாழ்நாள் முழுவதும் தமக்குப் பொருந்திய வேலையாகிய இரண்டாம் வயலினைத்தான் வாசித்ததாகவும், அதை ஓரளவு நன்றாகவே செய்ததாகவும், மார்க்ஸைப் போன்ற முதல் வயலின் வாய்த்ததில் மகிழ்ந்ததாகவும் குறிப்பிட்டார். மான்செஸ்டர் பருத்தித் தொழிலில் விருப்பமில்லாமல் உழைத்து மார்க்ஸ் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். மார்க்ஸ் விட்டுச்சென்ற கையெழுத்துக் குவியலிலிருந்து 'மூலதன'த்தின் இரண்டாம் தொகுதியை 1885-இலும் மூன்றாம் தொகுதியை 1894-இலும் வெளிக்கொணர்ந்தவரும் அவரே. அந்த வரிகளில் பணிவைவிடத் தொழில்காரரின் நிறைவே எனக்கு மிகுதியாகத் தெரிகிறது.

நம்மூரில் ஃபிடில் என்றால் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வரும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்; தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் வல்லவராகி, சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். பின்னர் அது பக்கவாத்தியமாக நிலைத்தது. ஆக, இங்கே தனியாக இரண்டாம் ஃபிடில் என்று ஒன்று தேவைப்படவில்லை. பாட்டுக் கச்சேரியில் ஃபிடிலே இரண்டாமவர்தான். ஐரோப்பியக் குழுவில் இருப்பவருக்கு வாசிக்க வேண்டியது முன்பே எழுதித் தரப்பட்டிருக்கும். கச்சேரி வயலின்காரருக்கோ, பாடகர் அடுத்து எந்த ராகத்தை எடுப்பார் என்பதுகூடப் பல வேளைகளில் மேடையில்தான் தெரியும். ஆலாபனையின்போது பாடகரின் பிடியை ஒரு நொடி பின்னால் நிழல்போலத் தொடர வேண்டும், தம் முறை வந்ததும் அதே ராகத்தைச் சொந்தமாக விரிக்க வேண்டும், ஆனால் பாடகர் எடுத்த நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பாடகர் மேடையிலேயே சுரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாசுரத்தில் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்ட கணக்குக்கு அங்கேயே விடை சொல்ல வேண்டும். பாடகரின் குரல் தளரும் இடத்தில் ஒலியை நிறைத்துத் தாங்குவதும் இவர்தான். அப்படிப்பட்டவரின் பெயரை நோட்டீஸில் சிறிய எழுத்தில் அச்சிட்டு, சன்மானத்தையும் குறைத்துக் கொடுக்கிறோம். தாழ்வு இருப்பது அந்த நோட்டீஸிலும் உறையிலும்தான். வில்லை இழுக்கும் கையில் இல்லை.

இந்த அலட்சியத்தை ஆங்கிலத்தின் மீது மட்டும் சுமத்துவதற்கில்லை. 'ஒத்து ஊதுகிறான்' என்று நாமும் வசைபாடத்தான் செய்கிறோம். ஒத்து என்பது நாதசுரத்துக்குச் சுருதி கொடுக்கும் துணைக் குழல். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனை நாதசுரத்துக்குத் தந்த பழைய சேலம் மாவட்டத்துக்காரர்களாவது அதைச் சற்று யோசித்துச் சொல்லலாம். விரல் வைத்து வாசிக்கும் வேலை ஒத்துக்காரருக்குக் கிடையாது. ஒரே சுருதியை மூச்சு அறுபடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, நாயனக்காரர் நிறுத்தும் வரை பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஆள் போய்விட்டார், வசை மட்டும் தங்கிவிட்டது.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இந்த மேல் கீழ் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. வேடம் கட்டியவர் ஒரு வரியைப் பாடிவிட்டு ஆடத் தொடங்கினால், பின்னால் இருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்வது அந்த இடைவெளியில்தான். சிறிது நேரத்துக்கு முன் ராஜாவாக நின்றவரே தம் கட்டம் முடிந்ததும் பின்பாட்டில் சேர்ந்துகொள்வது உண்டு. அதை யாரும் பதவி இறக்கமாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பின்பாட்டு விழுந்துவிட்டால் விடியும் வரை கூத்தைக் கொண்டுசெல்ல முடியாது.

இந்தத் தொடரை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டணிப் பேச்சின்போது ஒரு கட்சி 'நாங்கள் செகண்ட் ஃபிடில் வாசிக்க மாட்டோம்' என்று அறிவித்தால், அது மிகச் சரியான பயன்பாடு என்றே ஒப்புக்கொள்வேன். அங்கே பேசப்படுவது எத்தனை தொகுதி, யார் பெயர் முதலில் என்ற இரண்டு மட்டுமே. வாசிப்பைப் பற்றி அந்த மேசையில் ஒருவரும் கேட்பதில்லை.