கடைசி வரி

மார்ச் 4
கதை வந்துவிட்டது. வழக்கம்போல எழுத்தாளரின் நள்ளிரவு மின்னஞ்சல். "அவசரமில்லை, மெதுவாகப் பாருங்க" என்று ஒரு குறிப்பு. அவசரம் அவருக்கு இல்லைதான், இதழ் 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. 2,400 சொல். ஒதுக்கியிருப்பது நான்கு பக்கம். ஓவியமும் தலைப்பும் போக 1,700 பிடித்தால் அதிகம். 16 பக்கம் ஒரே தாளில் அச்சாகும் ஃபாரம் கணக்கில் ஓடும் இதழில் ஒரு பக்கம் மட்டும் தனியாகக் கூட்ட முடியாது.

மார்ச் 6
இறந்துபோன அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மகன் ரிப்பேருக்குக் கொண்டுபோகிறான். அப்பா இறந்தது கடைசி வரியில்தான் நமக்குப் புரிகிறது. அருமை. ஆனால் முதல் ஒன்றரைப் பக்கமும் இவர் தொண்டையைச் செருமிக்கொள்வது. பென்சிலால் அடித்து, ஒவ்வொரு வெட்டுக்கும் ஓரத்தில் காரணம் எழுதினேன். காரணம் எழுத வராத இரண்டு இடங்களில் வெட்டையே அழித்துவிட்டேன்.

மார்ச் 9
நாற்பது நிமிடம் போன். "தம்பி, நீங்க லிஷ் ஆகப் பாக்கறீங்க" என்றார். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டிய ஆசிரியர் கார்டன் லிஷ். 1980 ஜூலையில் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் வெட்டிய வடிவமே அடுத்த வருடம் வந்தது. வெட்டாதது வந்தது 2009இல், கார்வர் இறந்து 21 வருடம் கழித்து.

"நீங்க வேண்டாம்னா நான் கேட்பேன் சார்" என்றேன். கொஞ்சம் இறங்கினார். "சரி, கடைசி வரியை மட்டும் தொடாதீங்க."

மார்ச் 13
திருத்திய வடிவம். 1,690 சொல். நான் வெட்டியதைவிட அவரே வெட்டியது நன்றாக இருக்கிறது. லேசாக வயிற்றெரிச்சல்.

மார்ச் 19, இரவு
ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிகிறது. அதே கடைசி வரி! "எடுத்துடலாம் சார், கதைக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார் வடிவமைப்பாளர். ஒற்றைச் சொல்லில் முடியும் பத்தி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். ஆறாவது பத்தி: 'பார்த்துக்கொண்டிருந்தான்' தனியாகத் தொங்கியது. 'பார்த்தான்' ஆக்கினேன். பத்தி ஒரு வரி சுருங்க, கடைசி வரி மேலேறி உட்கார்ந்தது. எழுத்தாளருக்கு இரண்டு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 2
இதழ் அவர் கைக்குப் போய்விட்டது.

"கடைசி வரி இருக்கு, சந்தோஷம். ஆனா தம்பி, கடை வாசல்ல என் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போக மனசில்லாம நிக்கறான். நீங்க 'பார்த்தான்'னு ஒரே நொடியில முடிச்சிட்டீங்களே?"

ஓரத்தில் எழுத என்னிடம் இருந்த காரணம் ஒரு வரி இடம்தான். அதையே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தொகுப்பில் போடறப்ப மாத்திக்கறேன். புதுசு ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாருங்க" என்றார்.

திறந்தேன். 3,100 சொல்.