மாறுதல் உத்தரவோடு தொலையும் சிகிச்சைக் குறிப்பு

பயிற்சிக்காகக் கியூபா சென்ற உகாண்டா அதிகாரிகள் 60 பேரில் 18 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை, 1986-ல் ஹராரேயில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில் ஃபிடல் காஸ்ட்ரோ உகாண்டா அதிபர் முசேவேனியிடம் நேரில் சொன்னார். அன்று மருந்தே இல்லை. இன்று மூன்று மருந்துகள் அடங்கிய டிஎல்டி மாத்திரை தினம் ஒன்று போதும். ஆனாலும் ராணுவ மருத்துவப் பிரிவுகளிலிருந்து நோயாளிகள் நழுவிப் போகிறார்கள், பெரும்பாலும் பணியிட மாறுதலின்போது.

பரிசோதனையிலும் கவனம் தேவை. ஒரு படைக் கம்பெனியின் வீரர்கள் எல்லோருமே வரிசையில் நிற்கும்போது அவசரம் வந்துவிடும். டிடர்மைன் என்ற விரைவுப் பரிசோதனைப் பட்டையில் விரல்நுனி ரத்தம் 50 மைக்ரோலிட்டர். அது உறிஞ்சப்பட்டதும் ஒரு சொட்டு பஃபர் திரவம். பிறகு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று எழுதினால், மெல்லத் தெளியவேண்டிய மங்கல் கோடு தப்பிவிடும். 60 நிமிடம் கடந்தால் அந்த முடிவு செல்லாது. பரிசோதிக்கப்படுபவரின் அடையாள எண்ணைப் பட்டையின் மேலேயே எழுத வேண்டும். வரிசைப்படி அடுக்கி வைத்துக்கொண்டால், நடுவில் ஒருவர் எழுந்து போனாலே இன்னொருவர் முடிவு இவர் பெயரில் ஏறிவிடும். பாசிட்டிவ் வந்தால் வேறு வகைக் கிட்டில் உறுதிசெய்து, மருந்து தொடங்கும் முன் புதிதாக ரத்தம் எடுத்து வேறொரு பணியாளர் மறுபடி பார்க்க வேண்டும்.

உத்தரவு போட்டுப் பரிசோதிப்பது சுலபம்தான், ஆனால் தவறு. ஜாம்பியா விமானப்படை ஊழியர்கள் இருவரைச் சம்மதமில்லாமல் பரிசோதித்தது உரிமை மீறல் என்று 2010-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘செவ்வாய்க்கிழமை எச்.ஐ.வி. கிளினிக்’ என்று தனி நாள் வைப்பதும் ஒருவகையில் ஊரறியச் சொல்வதே. கீழ்நிலை வீரர் தன் மேலதிகாரியோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார், அதிகாரியும் வரமாட்டார். பொது வெளிநோயாளர் பிரிவிலேயே மருந்து கொடுத்தால் இருவரும் வருவார்கள்.

இனி மாறுதல். உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கராமோஜாவுக்குப் போ என்று உத்தரவு வந்தால் மறுநாளே வண்டி ஏறியாக வேண்டும். பழைய பதிவேட்டில் அவர் ‘தொடர்பு அறுந்தவர்’. புதிய இடத்தில் எதையும் சொல்லாமல் பரிசோதனைக்கு உட்கார்ந்து ‘புதிய நோயாளி’ ஆகிறார். ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படுகிறார், சிகிச்சை வரலாறு அழிகிறது. நடுவில் மாத்திரையும் விட்டுப்போயிருக்கும்.

இதற்குத் தீர்வு ஒரு பக்கக் கடிதம். எந்த மருந்துக் கூட்டு, தொடங்கிய தேதி, கடைசி வைரல் லோடும் (ரத்தத்திலுள்ள வைரஸ் அளவு) அதன் தேதியும், கையிலுள்ள மாத்திரை எண்ணிக்கை, காசநோய் மருந்து எடுக்கிறாரா என்பது. இந்தக் கடைசி வரியை விடவே கூடாது: ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து எடுப்பவருக்கு, டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிர் 50 மி.கி. 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை தேவை. கடிதம் ஒட்டிய உறையில் நோயாளி கையிலேயே போகட்டும். படைப்பிரிவுத் தபாலில் போனால் எழுத்தர் பிரித்துப் படிப்பார். கூடவே 90 மாத்திரை அடங்கிய ஒரு புட்டி. அடுத்த மாதம் புதிய இடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் வந்து சேர்ந்த தேதி தெரிந்த பிறகுதான் பழைய பதிவை மூட வேண்டும்.

ரத்தத்தைப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரம் இல்லாத எல்லைச் சாவடியிலும் வைரல் லோடு பார்க்கலாம். ரத்தமாதிரி எடுக்கும் காகித அட்டையில் ஐந்து வட்டங்களையும் ரத்தத்தால் நிரப்பி, வெயில் படாமல் படுக்கைவாக்கில் குறைந்தது 4 மணி நேரம் உலர்த்தி, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு பையில் மூட வேண்டும். முழுதாக உலராத அட்டையை ஆய்வகம் நிராகரிக்கும். வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் பிரதிகளுக்கு மேல் வந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன், கடைசியாக எப்போது மாறுதலானார் என்று கேளுங்கள். ஆலோசனையோடு 3 மாதம் ஒழுங்காக மாத்திரை கொடுத்து மறுபடி பாருங்கள்.