‘இணைய இணைப்பு இல்லை’ என்று ஆப் சொன்னபோது

போன மாதம் எங்கள் பெருங்குடி அலுவலகத்துக்குக் கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றின் ஆண்ட்ராய்டு ஆப் பாதுகாப்புச் சோதனைக்கு வந்தது. எழுத்து மூலமான அனுமதி, எந்தெந்த சர்வர்களைத் தொடலாம் என்ற பட்டியல், எல்லாம் கையில் இருந்தன. ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவில் ப்ராக்ஸியாக நின்று இரண்டும் பேசுவதைக் காட்டும் பர்ப் ஸ்யூட்டை லேப்டாப்பில் 8080 போர்ட்டில் ஓடவிட்டு, அதன் சிஏ சான்றிதழை (பர்ப் நீட்டும் சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழ்) டெஸ்ட் போனில் ஏற்றினேன். குரோமில் எதைத் திறந்தாலும் பர்ப்பில் வந்து விழுந்தது. ஆப்பைத் திறந்தால் மட்டும் ‘இணைய இணைப்பு இல்லை’.

வைஃபையை மாற்றி, ப்ராக்ஸியை அழித்துத் திரும்பப் போட்டு, அரை நாள் போய்விட்டது. பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, “வைஃபையை விடு தம்பி, ஈவென்ட் லாக்கைப் பாரு” என்றார். பர்ப்பின் அந்த நிகழ்வுப் பதிவில் வரிக்கு வரி ‘சர்டிஃபிகேட் அன்நோன்’. ஆப் பர்ப் வரை வந்திருக்கிறது. பர்ப் நீட்டிய சான்றிதழை நம்பாமல் திரும்பியிருக்கிறது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து, நாமாக ஏற்றும் சிஏவை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் நம்பும். எங்களுக்கு வேலை கூடினாலும் அது நல்ல மாற்றம்தான்: போனில் யாரோ ஒரு சான்றிதழை ஏற்றிவிட்டால் பண விவரமெல்லாம் அவர் கண்ணில் படக்கூடாது.

டெவலப்பர்களிடம் டீபக் பில்டு, அதாவது ஆப்பின் சோதனைப் பதிப்பு, கேட்டேன். ஆப் எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்று சொல்லும் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்கில், டீபக் பில்டில் மட்டும் நாமாக ஏற்றும் யூசர் சான்றிதழை நம்பும்படி சில வரிகள் சேர்த்துத் தந்தார்கள். லாகின் கோரிக்கை வந்தது. வேறொரு சர்வரிலிருந்து வரும் கடன் விவரம் மட்டும் வரவில்லை. இம்முறை ஈவென்ட் லாக்கிலும் ஒன்றுமில்லை! அப்புறம் ஆண்ட்ராய்டின் சொந்தப் பதிவான லாக்கேட்டைத் துழாவியபோதுதான் ‘சர்டிஃபிகேட் பின்னிங் ஃபெயிலியர்’ கண்ணில் பட்டது. ஆப் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஓகேஹெச்டிடிபி லைப்ரரி, ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் முதல் பேச்சு) முடிந்த பிறகே பின்னை, அதாவது அந்த சர்வருக்கென ஆப்பில் முன்பே பதித்துவைத்த சான்றிதழ் அடையாளத்தை, சரிபார்க்கிறது. பர்ப்பைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது.

சரி, லேப்டாப்பில் ஓடும் மெய்நிகர் போனான எமுலேட்டருக்கு மாறினேன். ப்ளே ஸ்டோர் உள்ள சிஸ்டம் இமேஜில் ரூட் (போன் மீது முழு அதிகாரம்) கிடைக்காது, கூகுள் ஏபிஐ இமேஜ்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் நடத்தையை மாற்றும் கருவியான ஃப்ரீடாவை வைத்து அந்தப் பின் சரிபார்ப்பு ஃபங்ஷன் ஒன்றும் செய்யாமல் திரும்பும்படி செய்தேன். கடன் விவரக் கோரிக்கை பர்ப்பில் வந்து நின்றது, உள்ளே கடன் எண். அதை எங்களுடைய இன்னொரு டெஸ்ட் கணக்கின் எண்ணாக மாற்றி அனுப்பினேன். அந்தக் கணக்கின் தவணை விவரம் அப்படியே வந்தது. யார் கேட்கிறார்கள் என்று சர்வர் பார்க்கவே இல்லை.

அன்று மாலையே அவர்களை அழைத்துச் சொல்லிவிட்டோம். டெஸ்ட் போனிலிருந்து பர்ப் சிஏவை நீக்கி, அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.