மழைக்காலத்து நத்தார்

மட்டக்களப்பில் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் மழையோடுதான் வரும். வடகீழ்ப் பருவக்காற்று வலுக்கும் மார்கழியில் வாவி பெருகி, அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்நிலக் கிராமத்தவர்கள் பாயும் பானையுமாகப் பாடசாலைகளில் தஞ்சமடையும் நாள்களில்தான், நாம் வீட்டுக்கு வெள்ளையடித்து, கேக் அடிக்க முட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார் என்று பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. வெறுமையாக்குவது மிஞ்சியதைக் கொடுப்பதன்று என்பதை நான் ஆலயத்தில் அல்ல, அத்தகைய பாடசாலை ஒன்றின் வகுப்பறையில்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அரிசி கொண்டுபோனபோது, இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் பேரக்குழந்தையைக் கிடத்தியிருந்த ஓர் அம்மா, நாங்கள் நனைந்து நிற்பதைக் கண்டு, "இரி மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லி, போத்தலின் அடியில் கிடந்த சீனி முழுவதையும் என் உள்ளங்கையில் தட்டினார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. அந்த ஈரச் சீனியை நக்கிக் குடித்த வெறுந்தேநீரை விடப் பெரிய நற்கருணையை நான் அறியேன்.

1814இல் இவ்வூருக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன்னரே இங்கே உயிர்நீத்தார். அவரிடமும் மிச்சம் வைக்கும் கணக்கு இருக்கவில்லை.

இவ்வாண்டு புத்தாடைக்கென ஒதுக்கிய காசில் பாய்களும் நுளம்புவலைகளும் வாங்கிவிட்டோம். 24ஆம் திகதி இரவு ஆராதனைக்கு முன்னர், மண்முனைப் பாலத்தால் அக்கரைக்குப் போய்ச் சேர்ப்பிக்க வேண்டும்.