கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூருக்கு வாய்க்கால் கரை வழியே

தாமிரபரணிப் படுகையைக் கூட்டமாக நடந்து பார்க்க ஆசையா? ஆற்றுக்குள் இறங்காதீர்கள், வாய்க்கால் கரையைப் பிடியுங்கள். ஆற்றோரம் தொடர்ச்சியாகப் பாதை கிடையாது. நாணலும் சீமைக்கருவேலமும் மறிக்கும். கன்னடியன் கால்வாய் அப்படியில்லை. கல்லிடைக்குறிச்சி அருகே அணைக்கட்டில் பிரிந்து, ஆற்றுக்குத் தெற்கே வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் போகிறது. கிழக்கே நடந்தால் இடப்பக்கம் தாழ்வாக நஞ்சை வயல், அதற்கப்பால் ஆறு, முதுகுக்குப் பின்னால் பொதிகை மலை. வழி குழம்பினால் இந்த மூன்றையும் பார்த்தாலே திசை பிடிபட்டுவிடும்.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் இரண்டுமே திருநெல்வேலி - செங்கோட்டை ரயில் பாதையில் இருப்பதால் வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. வாய்க்கால் வளைந்து வளைந்து போகும், 10 கி.மீ., நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முடியும். ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், உப்பு போட்ட மோர், புளியோதரை போதும்.

ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். பிசானப் பருவ நெல் கதிர் வாங்கி நிற்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தை இந்தக் கரைகள் மறக்கவில்லை.

அணைக்கட்டு பார்க்க அழகு, ஆபத்தும் அங்கேதான். தண்ணீர் மெல்லிசாக வழியும் கல் தளத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கும். கணுக்கால் அளவுதானே என்று கால் வைத்தால், மேல் பாசி நழுவி, அடியில் இருக்கும் வழவழப்பான கல்லோடு ஆள் சறுக்குவார். விழுவது கீழ்ப்புறம். அங்கே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் விழுந்து மண்ணை அரித்து மடு பறித்திருக்கும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழல் உண்டு. மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் நீர் திறந்தால், இங்கே மழை ஒரு சொட்டு இல்லாமலே மட்டம் ஏறும். ஆகவே தளத்தின் மேல் ஏறிக் கடப்பதே வேண்டாம். குளிக்க வேண்டுமானால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் நிற்கும் ஆழத்தில் மட்டும். அங்கும் கழற்றிவிட்ட பழந்துணி மணலில் புதைந்து காலைச் சுற்றும். கையால் உருவி எடுத்துக் கரையில் போடுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

கூட்டம் 12 பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் பொறுமைசாலி ஒருவர். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது இடைவேளையில்தான். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "கிளம்பலாமா" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கே ஓய்வு கிடைக்காது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் இடைவேளை தொடங்க வேண்டும். மதகுகள், பாலங்கள் எல்லாவற்றிலும் நின்று தலை எண்ணுங்கள்.

வரப்பில் இறங்கினால் ஒற்றை வரிசையில், பயிர் மிதிபடாமல். கதிர் முற்றும்போது எலி வரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கால் அசையாதபடி ஆளைத் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடிய ஷூ போடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்குவதானால் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்திருக்காது.